சடுகுடுவில் பிடிக்கும் கலையும் சலனப்படமும்

நம் நாட்டு விளையாட்டுக்களுள் சடுகுடுவைப்போற் செலவற்றது வேறொன்றில்லை. மட்டையும் பந்தும் வலையும் வேண்டா. கல்லற்ற தரையும் பதினான்கு ஆட்களும் இருந்தாற் போதும். திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரந்தொட்டு வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம், ஆத்தூர்ப் பக்கங்கள் வரையிற் பரந்துகிடக்கும் இச்சமவெளியில், பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் விளக்குக் கட்டி இரவில் ஆட்டம் நடப்பதை நம் மாணவர் பலரும் கண்டிருப்பர். சிலர் இறங்கி ஆடியுமிருப்பர். இன்று கபடி என்னும் பெயரே எங்கும் வழங்குகின்றது. எனினும் பழம்பெயரைக் கைவிட மனமில்லாமையால் இக்கட்டுரையில் இரண்டையும் எடுத்தாளுகின்றோம்.

அவ்வாட்டங்களைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தைச் சிறிது நோக்குக. எல்லாக் கண்களும் பாடிச் செல்வோன்மீதே பதிந்திருக்கும். அவன் தொட்டு மீண்டால் ஆரவாரம், பிடிபட்டாலும் ஆரவாரம். அவனைப் பிடித்த எழுவரும் அதற்கு முன்னர் எங்கு நின்றனர், எவன் எவன் கையைப் பற்றியிருந்தான், எவன் முதலில் நகர்ந்தான் என்று கேட்டால் நூற்றில் ஒருவரும் விடை கூறார். இதனால் நம் இளைஞர் பாடுதலை ஒரு கலையாகவும், பிடித்தலை வெறும் வலிமையாகவும் எண்ணிவிடுகின்றனர். இவ்வெண்ணம் தவறானதென்பதே நமது துணிபு. ஒருவன் பிடிபடுவது அவன்மீது கை விழும் கணத்தில் அன்று; அதற்கு ஓரிரு விநாடிகட்கு முன்பே பிடிப்போருடைய கால்களில் அது முடிவாகிவிடுகின்றது. ஆட்டத்தின் விரைவில் வெறுங்கண்ணுக்கு இது தோன்றாது. சலனப்படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போர்க்கே தோன்றும்.

இங்ஙனம் படம் பார்த்துப் பயிலும் முறையை ஒரு சாத்திரமாகவே வளர்த்தவர் அமெரிக்கர். அவர்கள் ஃபுட்பால் என்று வழங்குவது நாம் காலால் உதைத்தாடும் பந்தாட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடுதலும் எறிதலும், ஓடுவோனை எதிர்க் கட்சியார் கட்டி வீழ்த்துதலுமே அதன் சாரம். ஆதலின் நமது சடுகுடுவுக்கு அது தூரத்து உறவு என்னலாம். சிட் கில்மன் என்பார் 1930களில், தம் குடும்பத்தாரின் கொட்டகைகளில் ஓடிய செய்திப்படங்களிலிருந்து ஃபுட்பால் காட்சிகளை மாத்திரம் கத்தரித்தெடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பின்னர்ப் பேர்பெற்ற பயிற்சியாளரானார். பால் பிரௌன் என்பார் 1946 முதல் கிளீவ்லாந்துக் கட்சியை நடத்தியபோது, ஒவ்வோர் ஆட்டக்காரனுடைய செயலையும் படங்கொண்டு அளந்து மதிப்பிட்டார். இன்று அந்நாட்டில் படம் பாராத கட்சியே இல்லை.

அவர்களிடமிருந்து நாம் முதலிற் கற்கவேண்டியது ஒன்றுண்டு. தொலைக்காட்சிப் படம் பந்தைத் தொடரும். பயிற்சியாளர் பார்க்கும் படமோ உயரத்திலிருந்து இரு கட்சியாரையும், இருபத்திருவரையும், ஒருசேரக் காட்டும். முன்னது பொழுதுபோக்குக்கு, பின்னது பாடத்துக்கு. நம் ஊர்ப்புறப் போட்டிகளைக் கைப்பேசியிற் பிடிப்போர் பக்கக் கோட்டின் அருகே நின்று, பாடுவோன் முகத்தைத் தொடர்ந்து திருப்பித் திருப்பிப் படமெடுக்கின்றனர். அப்படம் யூடியூபில் ஆயிரம்பேர் பார்ப்பதற்கு உதவும். பிடிக்கும் முறையை அறிவதற்கு உதவாது. கடைக் கோட்டுக்குப் பின்னால், மாடியிலோ திண்ணையிலோ, ஆளுயரத்திற்கு மேற்பட்ட ஓரிடத்தில் கைப்பேசியை அசையாது நிறுத்திவிடவேண்டும். மாலை ஆட்டமாயின் மேற்கே முதுகைக் காட்டி நிற்றல் நலம். அப்போது வெயில் கண்ணாடியில் விழாது. திண்டுக்கல்லில் எடுத்தால் சிறுமலையும் பின்னணியாக அமையும். அஃது அழகுக்காகச் சொன்னது, பாடத்துக்கு அன்று.

இனி ஆடுகளத்தின் அளவுகளை நினைவிற் கொள்ளவேண்டும். இவையின்றிப் படத்தைப் படித்தல் இயலாது. ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. இரு பக்கத்தும் ஒவ்வொரு மீட்டர் லாபி நீங்க, உள்ளே 8 மீட்டர் நிற்கும். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பால்க் கோடு. பாடுவோன் அதனைத் தாண்டாதும் ஒருவரையும் தொடாதும் திரும்பினால் அவுட். அதற்கப்பால் 1 மீட்டரில் போனஸ் கோடு. போனஸ் கோட்டுக்கும் கடைக் கோட்டுக்கும் இடையே எஞ்சுவது 1.75 மீட்டரே. ஒரு மனிதன் நீட்டிப் படுத்தால் அவ்விடம் நிறைந்துவிடும். கார்னர் என்று வழங்கும் மூலைக்காவலர் இருவரும் ஆட்டமுழுதும் வாழ்வது இக்குறுகிய நிலத்தில்தான். பாடுவோனுக்கு ஒரு முறைக்கு 30 விநாடி. கைப்பேசி விநாடிக்கு 30 படங்கள் வீதம் பதிவு செய்யுமாயின் ஒரு பாட்டுக்கு 900 படங்கள் கிடைக்கின்றன. இவற்றுள் நமக்கு வேண்டியவை பதினைந்தோ இருபதோதான். அவை யாவை என்று கண்டுகொள்வதே வித்தை.

எழுவரும் இரண்டு, மூன்று, இரண்டு என்று கைகோத்து நிற்பது பெருவழக்கு. இடப்புறம் கார்னரும் இன்னும்; நடுவில் இரு கவர்களுக்கிடையே சென்டர்; வலப்புறம் மீண்டும் இன்னும் கார்னரும். இதனைச் சங்கிலி என்பர். ஒரு படத்தை முதன்முறை பார்க்கும்போது ஒலியை நிறுத்திவிடுக. பாடுவோனை ஒரு விரலால் மறைத்துக்கொண்டு சங்கிலியை மாத்திரம் பார்த்தலும் தகும். எமக்குத் தெரிந்த அளவில் இதைப்போல் கண்ணைத் திறக்கும் பயிற்சி வேறில்லை. நல்ல கட்சியின் எழுவரும் ஒரே துணியைப்போல் மடங்கி விரிவர். பாடுவோன் இடமூலைக்குச் சென்றால் வலப்புறத்தார் ஓரடி முன்னேறுவர். அவன் மீளும் வழி அதனால் ஓரடி குறுகும். பயிலாத கட்சியிலோ அவன் சென்ற பக்கத்தார் மாத்திரம் துள்ளுவர். மறுபக்கத்தார் வேடிக்கை பார்ப்பர். பின்னர் அவன் தப்பியதற்குக் கார்னரை ஏசுவர். குற்றம் கார்னருடையது அன்று. வேடிக்கை பார்த்த நால்வருடையது.

கணுக்கால் பிடியை எடுத்துக்கொள்வோம். பிடிகளுள் இதுவே மிக நுண்ணியது. பிடிப்போர் அறுவரோ எழுவரோ களத்தில் இருக்குங்கால் பாடுவோன் போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு புள்ளி பெறலாம். ஆனால் ஒரு கால் கோட்டுக்கப்பால் ஊன்றும்போது மற்றைக் கால் தரையைத் தொடாது மேலெழுந்திருக்கவேண்டுமென்பது விதி. இவ்விதியைப் பிடிப்போன் கண்கொண்டு சிந்தித்துப் பார்மின்! அக்கணத்தில் அம்மனிதனுடைய உடற்பாரம் முழுதும் ஒற்றைக் காலில், அதுவும் கார்னருக்கு மிக அருகே, நிற்கின்றது. பாரந்தாங்கிய காலை எவனும் உடனே இழுத்துக்கொள்ள முடியாது. மற்றைக் கால் இறங்கிய பின்னரே அது விடுதலையாகும். இவ்விடைவெளி விநாடியிற் சிறு பகுதியே. படத்தில் எண்ணினால் ஒருசில படங்களுக்கு மேல் இராது. தேர்ந்த கார்னர் இதற்குள் கணுக்காலை இரு கையாலும் பூட்டிவிடுகின்றான். அவன் போனஸ் புள்ளியைப் பெற்றாலும் அவுட் ஆவான். கட்சிக்கு ஒன்றுக்கு ஒன்று கணக்காகும், ஆனால் எதிரியின் சிறந்த ஆள் வெளியே உட்காருவான்.

கால் நுனியால் தொடுவதற்கு நீட்டும்போது நிலைமை தலைகீழ். அங்கே பாரம் பின்காலில் இருக்கின்றது. நீட்டிய கால் இலேசாயிருக்கும். கார்னர் அதனைப் பற்றினால் பாடுவோன் பின்காலை உதைத்து அவனையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை எட்டிவிடுவான். ஆகவே இவ்விடத்துக் கார்னர் தனியே செல்லலாகாது. அவன் காலைப் பற்றுமுன்பே இன் இடுப்பை நோக்கிப் புறப்பட்டிருக்கவேண்டும். ஒரே பிடி ஒரு முறை பலித்து மறுமுறை கிழிந்துபோவதன் காரணம் இதுவே. கிழிந்த பிடியைக் கண்டு, கையில் வலுவில்லை என்று இரும்புக் குண்டு தூக்கப் போகும் இளைஞனுக்கு, எந்தக் காலில் பாரம் நின்றது என்று படத்தில் ஒருமுறை காட்டினாற் போதும்.

பாரம் எந்தக் காலுக்கு மாறப்போகின்றதென்று முன்னரே அறிவது எங்ஙனம்? பாடுவோன் தோளைக் குலுக்குவான். கண்ணை ஒருபுறம் காட்டிக் கையை மறுபுறம் வீசுவான். இடுப்பைக்கொண்டு ஏய்ப்பது மாத்திரம் அரிது. அது திரும்பாமல் உடல் திரும்பாது. அமெரிக்க ஃபுட்பாலில் ஓடுவோனைக் காக்கும் ஆட்களுக்கும் இடுப்பைப் பார் என்றே போதிக்கின்றனர். படத்தை நிறுத்தும்போது கார்னருடைய பார்வை பாடுவோனுடைய எவ்வுறுப்பின்மீது இருக்கின்றதென்று காண்க. முகத்தைப் பார்ப்பவன் பெரும்பாலும் ஏமாறுவான்.

ஈரான் நாட்டு ஃபசல் அத்ராசலி இடக் கார்னராக நின்று ஆடும் படங்கள் இதற்குச் சிறந்த இலக்கியம். 2014-ஆம் ஆண்டிற் றொடங்கிய புரோ கபடி லீக்கில் பிடித்துப் பெற்ற புள்ளிகளில் முதலிடம் பெற்றவர் அவர். அவர் பாய்வதைவிடப் பாயாதிருத்தலே நம்மை வியப்பிலாழ்த்துவது. நம்மவருள் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதனைக் கூறாதிருத்தல் முறையன்று. 2016-இல் பாட்னா கட்சிக்குத் தலைவராயிருந்து லீக் கோப்பையை வென்றதும், அவ்வாண்டே உலகக் கோப்பை வென்ற இந்தியக் கட்சியில் ஆடியதும், நாற்பது வயதைக் கடந்தும் கார்னரில் நின்றதும் பலரறிந்த செய்தி. நாற்பதில் இருபது வயதின் விரைவு இராது. அவ்விரைவின்றியும் பிடிக்கலாமென்பதற்கு அவருடைய கால் வைக்கும் முறையே சான்று.

சங்கிலியின் உயரமும் கவனித்தற்குரியது. இருவர் கைகோத்து எதிர்வரும்போது அக்கைகள் மார்பளவில் நின்றால், குனிந்து நுழைவோனுக்கு அது வாயிலாகிவிடும். இங்ஙனம் குனிந்து மறுபுறம் எழுதலை வடநாட்டார் டுப்கி என்பர். முழுக்கு என்று பொருள். பர்தீப் நர்வால் இதில் நிகரற்றவர். 2017-இல் ஹரியானாக் கட்சிக்கெதிரே ஒரே பாட்டில் 8 புள்ளிகளும், அவ்வாட்டத்தில் மொத்தம் 34 புள்ளிகளும் பெற்றார். அந்த 8-இல் அறுவரைத் தீண்டியதற்கு ஆறு. கட்சி முழுதும் வெளியேறியதற்கு இரண்டு. அப்படத்தைப் பார்ப்போர் அவரையே பார்த்து வியக்கின்றனர். நாம் மற்றை அறுவரைப் பார்க்கவேண்டும். ஒருவர்பின் ஒருவராக வந்து மேல் விழுந்தனரேயன்றி, அவர் மீளும் வழியை அடைத்து நிற்கச் சென்றவர் எவர்? கூட்டமாகப் பாய்தலும் கூடிப் பிடித்தலும் வேறு வேறு.

ஓடிவந்து தோளால் மோதிக் களத்துக்கு வெளியே தள்ளும் டாஷ் என்பதைப் பற்றி நமது அபிப்பிராயம் சற்று மாறுபட்டது. பார்ப்பதற்குச் சிறந்தது, வர்ணனையாளர்க்கும் விருந்து. ஆயினும் பாடுவோன் பக்கக்கோட்டுக்கு அருகே, முதுகு சாய்ந்து நிற்குங்காலன்றி அதனாற் பிரயோஜனமில்லை. களநடுவில் மோதுவோன் தானே அவனைத் தீண்டிப் புள்ளி கொடுத்துத் திரும்புகின்றான். பிடிக்கும் கட்சி மூவரையோ அதற்குக் குறைந்தோரையோ களத்திற் கொண்டிருக்கும்போது பிடித்தால் ஒரு புள்ளி மிகுதி கிடைக்குமென்ற ஆசையும் இத்தகைய அவசரத்தை வளர்க்கின்றது.

படம் விதியையும் கற்பிக்கும். 2023 அக்டோபரில் சீனத்து ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியை நினைவுகூர்க. இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமமாய் நிற்க, முடியும் தறுவாயில் பவன் செஹ்ராவத் பாடிச் சென்று ஒருவரையும் தீண்டாமலே லாபியில் கால் வைத்துவிட்டார். பிடிப்போர் சிலரும் அவரைத் தொடர்ந்து லாபிக்குள் இறங்கினர். தீண்டல் நிகழுமுன் லாபி களமாகாது. பாடுவோன் மட்டுமே அவுட் என்பது ஒரு விதி. தொடர்ந்து இறங்கியோரும் அவுட் என்பது மற்றொரு விதி. எவ்விதி செல்லுமென்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது; படத்தைப் பார்த்தனர், தீர்ப்பை மாற்றினர், மீண்டும் மாற்றினர். இறுதியில் 33-29 என்று இந்தியா வென்றது. வழக்கின் நியாயத்தை ஆராய்வது இங்கு நமது வேலையன்று. ஒருவரும் தீண்டப்படாதபோது அப்பிடிப்போர் ஏன் கோட்டைத் தாண்டினர் என்பதே நமது வினா. பிடிக்கும் வெறியில் கால் கோட்டை மறந்தது. 2018-இல் ஜகார்த்தாவில் இந்திய ஆடவரை அரையிறுதியில் 27-18 என்றும், இந்திய மகளிரை இறுதியில் 27-24 என்றும் வென்ற நாட்டார்க்கே இது நேருமாயின் நமக்கு நேர்வதில் வியப்பென்ன?

இதுகாறும் கூறியவை வெற்றி தோல்வியைப் பற்றியன. இனிக் கூறுவது உயிரைப் பற்றியது. 2022 ஜூலையில் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டிக்கு அருகே நடந்த ஒரு போட்டியில், பாடிச் சென்ற இளைஞர் ஒருவர் பிடியிலிருந்து தப்ப முயன்று கீழே விழுந்தார், எழ முயன்றார், எழவில்லை. அக்காட்சியும் படமாயிருந்தது, நாடெங்கும் பலர் அதனைக் கண்டு பதறினர். பதறியதோடு நின்றுவிடாமல் நாம் ஆட்டம் ஆடும் முறையையே படங்கொண்டு சோதித்தல் கடமையென்று கருதுகின்றோம்.

அமெரிக்கர் இதனையும் செய்துள்ளனர். அவர்களுடைய ஃபுட்பாலில் கழுத்தெலும்பு முறிந்து கைகால் விளங்காமற் போன இளைஞர் பலர். தலைக்கவசம் தலையைப் பின்னுக்குத் தள்ளிக் கழுத்தை ஒடிக்கின்றதென்று முதலில் எண்ணினர். ஜோசப் டோர்க் என்னும் மருத்துவரும் அவரைச் சேர்ந்தோரும் விபத்துக்களையும் அவற்றின் படங்களையும் ஆராய்ந்து வேறொன்று கண்டனர். நிமிர்ந்த கழுத்து இயல்பாகச் சிறிது வளைந்திருக்கின்றது. வில்லைப்போல் அதிர்ச்சியைத் தாங்குகின்றது. தலையைக் கவிழ்த்து உச்சியால் மோதும்போது அவ்வளைவு நீங்கிக் கழுத்து ஒரு நேர்க்கோலாகின்றது. உடல் முன்னே தள்ள, எதிர்ப்பொருள் தடுக்க, இடையிலுள்ள எலும்பு நொறுங்குகின்றது. 1976-இல் பள்ளி கல்லூரி ஆட்டங்களில் தலையால் மோதுதல் விலக்கப்பட்டது; அதன்பின் இத்தகைய விபத்துக்கள் வெகுவாகக் குறைந்தன. படம் பார்த்ததன் பயன் இஃது.

நமது சடுகுடுவில் கணுக்காலுக்கும் தொடைக்கும் பாய்வோர் செய்யும் பிழை இதுவேயாகும். நம் பக்கத்துக் களங்கள் செம்மண்ணும் சரளையும் கலந்தவை. மெத்தை விரித்த களத்தில் ஆடுவோர் பாய்வதைப் படத்திற் பார்த்துவிட்டு அப்படியே மண்ணிற் பாய்தல் அறியாமை. மெத்தையில் காலணி பற்றிக்கொள்ளும். ஆகையால் பிடிபட்டவன் முழங்கால் முறுக்கிக்கொள்ளும் அச்சம் மிகுதி. மண்ணில் வெறுங்கால் வழுக்கும். ஆகையால் பிடிப்போன் இழுபட்டுத் தலை தரையில் மோதும் அச்சம் மிகுதி. எங்கு ஆடினும் பிடிப்போன் தலை நிமிர்ந்து, தான் பற்றப்போகும் காலைக் கண்ணாற் கண்டுகொண்டே செல்லவேண்டும். தலை அக்காலின் வெளிப்புறத்தே இருக்கவேண்டுமன்றி, மற்றை முழங்கால் வந்து தாக்கும் வழியில் இருக்கலாகாது. கைகால்களையும் உடலையும் அன்றி வேறெவ்வுறுப்பையும் பற்றுதல் கூடாதென்றும், வாயையோ தொண்டையையோ அடைத்தல் கூடாதென்றும், கால்களைக் கத்தரிபோல் மாட்டி வீழ்த்துதல் கூடாதென்றும் விதிகள் உள்ளன. ஊர்ப்புற ஆட்டங்களில் இவற்றை நடுவர் கண்டும் காணாமல் விடுதல் உண்டு. வென்ற கட்சியின் ஊர்க்காரர் பக்கத்தில் நிற்கும்போது ஊதுகுழல் எளிதில் வாய்க்கு வருவதில்லை. அசையாது நிற்கும் கைப்பேசிக்கு அவ்வச்சமில்லை.

மகளிர் விடுதி மாணவியரும் இப்போது கபடி ஆடுகின்றனர். அவர்களுக்குக் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். ஆதலின் தூரங்கள் குறையும், முடிவெடுக்கும் காலமும் குறையும். முறை ஒன்றே.

நமது கல்லூரியில் இதனைத் தொடங்குதற்குப் பொருட்செலவு ஒன்றுமில்லை. காயமுற்று ஆடாதிருப்பவன் ஒருவனைப் படம்பிடிக்க நிறுத்துக. வெளியிலிருந்து எழுவரையும் ஒருசேரக் காண்பதால், ஆடுவோரைவிட அதிகம் கற்பவன் அவனே. ஆட்டம் முடிந்த அன்றிரவே காட்டவேண்டா. தோற்றவர்க்கு அன்று சினமும் வென்றவர்க்கு அன்று செருக்கும் மிகுந்திருக்கும். மறுநாள் மாலை, ஒரு பாட்டுக்கு மூன்று முறை: முதன்முறை சங்கிலியை, இரண்டாம் முறை பாடுவோன் இடுப்பை, மூன்றாம் முறை பிடித்தவன் தலை எங்கு இருந்ததென்பதை. பிழை செய்தவனைப் பெயர் சொல்லிப் பழித்தல் ஆகாது. கார்னர், கவர், இன் என்று இடத்தைச் சொன்னாற் போதும். ஓர் இரவுக்குப் பத்துப் பாட்டுக்களுக்கு மேல் பார்த்தால் கண் அசதியுறும். மூன்றாவது பார்வையை மாத்திரம், எவ்வளவு நேரமாயினும், விட்டுவிடலாகாது.